மைக்கோடும் கைப்பழக்கமும்

பேனாவும் மையும் கொண்டு படம் வரைவதைப் பற்றியும், அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு அதில் அச்சமின்றிப் பலவாறு முயன்று பார்ப்பதைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம். ஓவியக் கல்லூரியில் பயின்றவர்களுக்கு இப்பேச்சு தேவையில்லை. தமிழ்நாட்டை விட்டு வந்து, தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ, அலுவலகத்திலும் கடையிலும் தொழிற்சாலையிலும் பணிபுரிந்து, மாலையில் அரை மணியும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முற்பகலும் தமக்கென்று மிச்சப்படுத்திக்கொள்ளும் அன்பர்களை மனத்திற்கொண்டே இதைக் கூறுகிறோம்.

'நமக்குச் சித்திரம் வராது' என்று சொல்லாதவர் நம்மில் அரியர். ஆயினும் பள்ளியில் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் வாத்தியாரின் மூக்கை வரையாதவரும் அரியர். இடையில் நடந்தது என்ன? கைக்கு வேறு வேலைகள் வந்தன. கண்ணுக்கு வெட்கம் வந்தது. வரைந்ததை ஒருவர் பார்த்துச் சிரித்த நாளோடு பலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். சித்திரம் கையின் பழக்கத்தால் வருவது என்று ஔவையார் பெயரால் வழங்கும் பழம்பாடல் கூறுவதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை நம்பியவர்கள்தாம் குறைவு.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. முன்பு கோப்புகளில் குறிப்பெழுதிய கை, இப்போது கணிப்பொறியின் பொத்தான்களைத் தட்டுகிறது. நாளொன்றில் கையொப்பம் ஒன்றைத் தவிர வேறு எதையும் மையால் எழுதாதவர் பலர். எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் நிலை மேலும் சற்று விசித்திரமானது. காலை முதல் மாலை வரை பிறர் எழுதிய வாக்கியத்திற்கே நாங்கள் காவல் நிற்கிறோம். ஒரு சொல் கூடலாகாது. ஒரு சொல் குறையலாகாது. அது கண்ணியமான தொழில்தான். ஆனால் நாள் முழுவதும் அதையே செய்தவனுக்கு, மூலமும் இல்லாத, திருத்தும் மேலதிகாரியும் இல்லாத ஒரு வெள்ளைத் தாள் எவ்வளவு பெரிய விடுதலை என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

பென்சில் இருக்க மை எதற்கு என்று கேட்கலாம். பென்சிலுக்கு அழிப்பான் உண்டு. ஆதலின் பென்சில் பிடித்த கை பாதி நேரம் வரைகிறது. பாதி நேரம் அழிக்கிறது. மைக்கோடு போட்டால் போட்டதுதான். இது கொடுமையாகத் தோன்றினும், கற்பவனுக்கு இதுவே பெரிய உதவி. அழிக்க இயலாது என்று தெரிந்தவுடன் கண் கூர்மை பெறுகிறது. கோடு போடுவதற்கு முன் ஒரு கணம் பொருளை உற்றுப் பார்க்கிறோம். அந்த ஒரு கணமே ஓவியப் பயிற்சியின் பெரும்பகுதி.

அழிக்க முடியாத கோடு தமிழர்க்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணி கீறிய கீறலுக்கு மாற்றம் இல்லை. கீறிய பின் கரியைத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கரி தங்கி எழுத்துத் தெரியும். நம் வீட்டு வாசற்கோலமும் அப்படிப்பட்டதே. விரலிடுக்கிலிருந்து மாவு விழுந்த வழியே கோடு. இழை வளைந்து, புள்ளியைச் சுற்றி, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரவேண்டும். கோலமிடும் பெண்கள் இழுக்கும் இழையின் மீது கண்ணை வைப்பதில்லை. இழை சென்று சேரவேண்டிய புள்ளியின் மீது வைக்கிறார்கள். விரலால் மட்டும் இழுப்பதும் இல்லை. தோள் முதல் கை முழுதும் அசைகிறது. மேல்நாட்டு ஓவிய ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லும் முதற்பாடம் இவ்விரண்டுமே. அதை நம் வீட்டுப் பெண்கள் ஆசிரியரின்றிக் கற்றிருக்கிறார்கள்.

தமிழில் மைக்கோட்டுச் சித்திரம் செழித்ததற்கு அச்சுத் தொழிலும் ஒரு காரணம். பத்திரிகைகள் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' செய்து படம் அச்சிட்ட காலத்தில், கோட்டுப் பிளாக்கில் ஓரிடம் கறுப்பாக இருக்கும், அன்றேல் வெள்ளையாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறம் அதில் வாராது. நிழலைக் காட்டவேண்டுமானால் நுண்ணிய கோடுகளை நெருக்கியும் அகற்றியும் ஓவியர் தம் கையாலேயே காட்டவேண்டும். இக்கட்டுப்பாட்டிலிருந்து ஒரு கலை பிறந்தது. ஆனந்த விகடனில் மாலி தொடங்கிவைத்த வழியில் கோபுலுவும் சில்பியும் வளர்ந்தனர்.

சில்பி என்னும் பெயரால் அறியப்பட்ட பி. எம். சீனிவாசன் நாமக்கல்லில் 1919ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்றவர். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசைக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் எதிரே அமர்ந்து, அவற்றைக் கோட்டில் வடித்தார். கல்லின் குளிர்ச்சியும், தேய்ந்த மூக்கின் மழுக்கமும், தூணின் பின்னாலுள்ள இருளும் வெறும் கறுப்புக் கோடுகளால் தோன்றியதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அப்படங்களில் கற்பவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நிழலுக்கென இட்ட கோடுகள் உருவத்தின் வளைவோடு வளைகின்றன. தோள் உருண்டால் கோடும் உருள்கிறது.

கோபுலுவின் வழி வேறு. தஞ்சையிற் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், சில கோடுகளிலேயே ஓர் ஆளின் குணத்தைக் காட்டிவிடுவார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்கு அவர் வரைந்த மாந்தர்களைக் கண்ட வாசகர்களுக்கு, அக்கதை மாந்தர் வேறு முகத்தோடு மனத்தில் தோன்றியதில்லை. வாழ்வின் பிற்பகுதியில் நோயினால் வலக்கை முடங்கியபோது, அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். 2015ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியவரின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு: சித்திரம் விரலில் மட்டும் இருப்பதன்று, கண்ணிலும் கருத்திலும் இருப்பது. விரல் அதைப் பின்னர் கற்றுக்கொள்ளும்.

மூன்றாமவர் கே. எம். ஆதிமூலம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டளவில் அடிகளின் உருவத்தைக் கறுப்பு மையில் ஏறத்தாழ நூறு படங்களாக வரைந்தார். ஒரே மனிதர், ஒரே மை. ஆயினும் ஒரு படம் போல் மற்றொன்று இல்லை. ஒன்றில் கோடுகள் புயல்போல் சுழலும். ஒன்றில் நாலைந்து கோடுகளே நிற்கும். ஒரு பொருளை ஒருமுறை வரைந்துவிட்டு 'முடிந்தது' என்று எண்ணுகிறவர்களுக்கு அந்த நூறு படங்கள் தக்க மறுமொழி.

இனிக் கருவிகளைப் பற்றிக் கூறுவோம். செலவு அதிகமில்லை. தொட்டெழுதும் கட்டைப் பேனா ஒன்று, இரண்டு மூன்று நிப்புகள், ஒரு மைப்புட்டி, சிறு தூரிகை ஒன்று, இவை போதும். இதுவும் தொல்லை என்றால் சட்டைப்பையில் உள்ள பேனாவே போதும். தாள் மட்டும் சற்றுத் தடிப்பாக இருக்கவேண்டும். கடையில் நோட்டுப் புத்தகம் வாங்கும்போது கடைக்காரரின் அனுமதியோடு கடைசிப் பக்க மூலையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மை ஊறிப் பரவினாலோ மறுபக்கம் தெரிந்தாலோ வேறு புத்தகம் கேளுங்கள். தில்லியில் இருப்பவர்கள் நயீ சடக்கிலும் சாவ்ரி பஜாரிலும் நூறு வகைத் தாள் காணலாம்.

மையில் இருவகை உண்டு என்பதை அறிந்துகொள்வது நலம். ஊற்றுப் பேனாவுக்கான மை பெரும்பாலும் சாயத்தால் ஆனது. நீர் பட்டால் கரையும். வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறும். இந்தியா மை எனப்படும் கறுப்பு மையோ புகைக்கரியால் ஆனது, கரி வெளிறுவதில்லை. அரக்குச் சேர்த்த வகை காய்ந்தபின் நீரிலும் கரையாது. அதன்மேல் நீர்த்த மையைத் தூரிகையால் பூசலாம். ஆனால் அரக்குச் சேர்ந்த மையை ஊற்றுப் பேனாவில் ஊற்றலாகாது. உள்ளே உறைந்து பேனாவைக் கெடுத்துவிடும். நிப்பை வேலை முடிந்தவுடன் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். மே மாதத்து 'லூ' வீசும்போது மை நிப்பிலேயே உலர்ந்துவிடும்; ஆடி மழையில் தாள் ஈரத்தை இழுத்துக் கோட்டைப் பரப்பிவிடும். இவற்றைக் குற்றமாகக் கொள்ளாமல் பருவத்தின் கையெழுத்தாகக் கொள்ளப் பழகுங்கள்.

தொடங்கியவர்களின் படங்களில் சாதாரணமாக நான்கு குறைகள் காணப்படும். முதலாவது, மயிரடர்ந்தாற்போன்ற கோடு. அச்சத்தால் சிறுசிறு துண்டுகளாக இழுத்து ஒட்டவைப்பதால் இது நேர்கிறது. மெதுவாக, ஆனால் ஒரே இழுப்பில் போடுவதே மருந்து; கோடு சற்றுக் கோணினாலும் அதில் உயிர் இருக்கும். இரண்டாவது, எல்லாக் கோடும் ஒரே தடிப்பாய் இருத்தல். அருகில் இருப்பதற்கும் நிழலடிக்கும் அழுத்தம் கொடுத்து, தொலைவில் இருப்பதற்கும் வெளிச்சம் படும் ஓரத்திற்கும் பேனாவைத் தளர்த்துங்கள். சில இடங்களில் கோடு அற்றுப்போகட்டும். பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

மூன்றாவது குறை, படம் முழுதும் ஒரேவிதச் சாம்பலாய்க் கிடத்தல். ஓரிடத்தில் துணிந்து முழுக் கறுப்பை இடவேண்டும். ஓரிடத்தைத் தொடாமல் வெள்ளையாக விடவேண்டும். படத்தைக் கைநீட்டி எட்டப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்; கறுப்பும் வெள்ளையும் பிரிந்து தெரியாவிட்டால் இன்னும் கறுப்பு வேண்டும் என்று பொருள். நான்காவது, கண்டதை வரையாமல் அறிந்ததை வரைதல். எவர்சில்வர் தம்ளரின் வாய் வட்டம் என்பது நம் அறிவு. மேசைமேல் எதிரில் இருக்கும் தம்ளரின் வாய் சப்பையாகத் தெரிகிறது என்பது நம் கண். அறிவும் கண்ணும் வழக்காடும்போது கண்ணின் பக்கமே தீர்ப்புக் கூறவேண்டும்.

இக்குறைகள் நீங்க நாள்தோறும் கால் மணிப் பயிற்சி போதும். பக்கத்தின் இரு ஓரங்களிலும் புள்ளிகள் வைத்து, கோலத்தில் செய்வதுபோல், சேரவேண்டிய புள்ளியைப் பார்த்து ஒரே இழுப்பில் சேருங்கள். ஐந்து கட்டங்கள் போட்டு, முதலாவதை வெள்ளையாகவும் ஐந்தாவதை முழுக் கறுப்பாகவும் விட்டு, நடுவிலுள்ள மூன்றையும் கோட்டின் நெருக்கத்தால் மட்டும் படிப்படியாகக் கறுக்கச் செய்யுங்கள். பிறகு உங்கள் இடக்கையை எதிரில் வைத்து, தாளைப் பாராமல், கையின் ஓரத்தின் வழியே கண் எறும்புபோல் ஊர்ந்து செல்லப் பேனாவும் உடன் ஊரட்டும். கிமோன் நிக்கோலைடஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் இப்பயிற்சியை வற்புறுத்தினார். அவர் மறைந்தபின் 1941இல் வெளியான அவரது நூலால் இது உலகெங்கும் பரவியது. படம் விகாரமாகத்தான் வரும். ஆனால் பத்து நாள் செய்தபின், தாளைப் பார்த்து வரையும் படத்தில் ஒரு புதிய உறுதி தென்படும்.

பயிற்சி மட்டும் போதாது. பயிற்சி சலிப்பைத் தரும். சலிப்பு நோட்டுப் புத்தகத்தை அலமாரிக்கு அனுப்பிவிடும். ஆதலின் புத்தகத்தில் பாதியைக் கட்டற்ற முயற்சிக்கு விட்டுவிடவேண்டும்.

இதற்கு வங்காளத்திலிருந்து இரண்டு உதாரணங்கள் கூறலாம். கவி ரவீந்திரநாத தாகூர் கையெழுத்துப் படியில் வேண்டாத சொற்களை அடித்தபோது, அந்த அடித்தல்கள் பார்வைக்கு அருவருப்பாய் நிற்பதைப் பொறாமல், ஒன்றோடொன்று கோட்டால் இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் முகமாகவும் ஆக்கினார். 1924ஆம் ஆண்டில் 'பூரபி' பாடல்களை எழுதிய ஏட்டில் இது மிகுதி. விளையாட்டாகத் தொடங்கிய இக்காரியம் வளர்ந்து, 1930ஆம் ஆண்டில் அவரது ஓவியங்கள் பாரிஸ் நகரில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 69. ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவரல்லர் அவர். அடித்தலிலிருந்து ஓர் ஓவியர் பிறந்தார் என்றால், நம் நோட்டுப் புத்தகத்தில் தவறிய கோட்டிற்கு ஏன் வருந்தவேண்டும்? தவறிய கோட்டைக் கிழித்தெறியாமல், அது என்னவாக விரும்புகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மற்றவர் சத்யஜித் ராய். வங்காள வியாபாரிகள் கணக்கெழுதப் பயன்படுத்தும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடுகளிலேயே அவர் தம் படங்களுக்கான குறிப்புகளையும் சித்திரங்களையும் நிரப்பிவைத்தார். 1955ஆம் ஆண்டில் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' திரைப்படத்தின் காட்சிகளை அவர் முன்னதாகவே மையால் வரிசையாக வரைந்து வைத்திருந்தார். உயர்ந்த தாள், தோல் அட்டை என்று காத்திருக்கவேண்டியதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அழகான புத்தகம் சில சமயம் பகையாகவும் முடியும். அதைப் பாழ்செய்ய மனம் வாராது.

கட்டற்ற முயற்சி என்றால் என்ன செய்வது என்று சிலர் திகைப்பதுண்டு. சில வழிகள் கூறுகிறோம். ஒரே பொருளைப் பத்துக் கருவிகளால் வரையுங்கள். நிப்பு, தூரிகை, தீக்குச்சி, துடைப்பத்து ஈர்க்கு, சீவிய மூங்கிற்குச்சி, பஞ்சு, விரல்நுனி. ஈர்க்கு இழுக்கும் கோடு தொடக்கத்தில் தடித்து, மை வற்ற வற்ற வறண்டு கரடாகி முடியும். மரப்பட்டையையும் பழஞ்சுவரையும் காட்ட அதைவிடச் சிறந்த கருவி இல்லை. வான்கோ 1888ஆம் ஆண்டில் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த புகழ்பெற்ற வயற்காட்சிகள் நாணற்பேனாவால் ஆனவை. பேனா மாறினால் கை மாறும். கை மாறினால் கண்ணும் மாறும்.

தாளை நனைத்து அதன்மேல் ஒரு சொட்டு மை விட்டு, அது கிளைத்தோடுவதைப் பாருங்கள். உலர்ந்தபின் அதில் மலையோ முகிலோ தெரிந்தால் இரண்டு கோடுகளால் அதை உறுதிசெய்யுங்கள். மெழுகுவத்தியால் தாளில் கிறுக்கிவிட்டு மேலே மையைப் பூசினால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாய் நிற்கும். மழைக்கோடு காட்ட நல்ல வழி. ஒரு பக்கம் முழுதும் இடக்கையால் வரையுங்கள். ஒரு பக்கத்தில் பொருளை வரையாமல் நிழலை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் ஒரு கிறுக்கல் வாங்கி அதைப் படமாக முடியுங்கள். பத்தில் எட்டு வீணாகும். வீணாவதற்கென்றே ஏற்பட்ட புத்தகம் இது. மீதி இரண்டில் நீங்கள் எதிர்பாராத ஒன்று கிடைக்கும்; எதிர்பார்த்துச் செய்தால் அது கிடைத்திராது.

எதை வரைவது என்ற கேள்விக்கு, நீங்கள் வாழும் தெருவை என்றே விடை கூறுவோம். நாங்கள் வசிக்கும் கரோல் பாக்கையே எடுத்துக்கொள்வோம். இது வந்தேறியவர்களின் ஊர். புது தில்லியைக் கட்டுவதற்காகப் பழைய சிற்றூர்களிலிருந்து அகற்றப்பட்டவர்கள் இங்குக் குடியேறினார்கள். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் கடை வைத்தார்கள். வங்கத்துப் பொற்கொல்லர்கள் வந்தார்கள். அரசாங்க வேலைக்காகத் தென்னாட்டார் வந்து, மாடி அறைகளில் காப்பிப்பொடி மணத்தோடு குடியிருந்தார்கள். பூசா ரோடில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஏற்பட்டது.

ஹகீம் அஜ்மல்கான் முயன்று எழுப்பி, 1921ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியா மருத்துவக் கல்லூரி இங்கே உள்ளது. அதன் வளைவுகள் ஒளிநிழல் பயில்வோர்க்கு நல்ல பாடம். பூசா ரோடின்மேல் 2005ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ஓடுகிறது. வரிசையாய் நிற்கும் அதன் தூண்கள், அருகில் பெருத்தும் தொலைவில் சிறுத்தும் தோன்றும் தோற்ற விதியைக் கண்முன் நிறுத்துகின்றன. சந்துகளில் தலைக்குமேல் பின்னிக்கிடக்கும் மின்கம்பிகளைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதார் இல்லை. மைப்பேனா பிடித்தவனுக்கு அவை ஆண்டவன் இட்ட கோட்டுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறக்குமுன் அஜ்மல்கான் ரோடில் அரை மணி அமர்ந்து பாருங்கள். தேநீர்க்காரர், பாத்திரம் கழுவும் சிறுவர், கதவிறக்கிய கடைகளின்முன் உறங்கும் நாய் எல்லாம் கிடைக்கும்.

பொது இடத்தில் வரையும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமே என்ற கூச்சம் இயல்பு. சிறிய புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒருவரின் முகத்தை வரைவதானால் அவர் அறிய வரையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெரும்பாலோர் மகிழ்வார்கள்.

எங்கள் தெருவில், பிள்ளையோடு இருப்பதற்காகக் கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். அவருக்கு இந்தி தெரியாது. மூன்றாம் மாடியில் இருந்ததால் வாசலும் இல்லை, கோலமும் இல்லை. பேரன் பள்ளியில் எழுதிவிட்டு மிச்சம் வைத்த நோட்டுப் புத்தகங்களில் மைப்பேனாவால் முதலில் கோலங்களைப் போடத் தொடங்கினார். பின்னர் பால்கனியிலிருந்து தெரிந்தவற்றைப் போட்டார்: காய்கறி வண்டி, எதிர்வீட்டு வேப்பமரம், நாற்காலி பின்னுகிறவர், குளிர்காலத்து மொட்டைமாடியில் உலரும் ரஜாய். கோலமிட்ட கையாதலின் கோட்டில் தயக்கம் இல்லை. காய்கறிக்காரரிடம் ஒருநாள் அவருடைய வண்டியின் படத்தைக் காட்டினார். "மாதாஜி, தராசை மறந்துவிட்டீர்களே" என்று அவர் சைகையால் சுட்டிக்காட்ட, மறுநாள் தராசோடு வேறொரு படம் பிறந்தது. ஒரு மொழியும் பொதுவாக இல்லாத இருவருக்கு அன்று முதல் பேசுவதற்கு ஒரு விஷயம் இருந்தது.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் வரைந்த எதிர்வீடும் இல்லை. பழைய ஒற்றைமாடி வீடு இடிக்கப்பட்டு நான்கு அடுக்கு எழும்பிவிட்டது. வேப்பமரமும் அதனோடு போயிற்று. புத்தகங்கள் ஏழும் வீட்டில் உள்ளன. ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதியும் தமிழில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்துத் தெரியாத பேரன் அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தன் தந்தையிடம் காட்டிப் படிக்கக் கேட்கிறான். அத்தெருவில் பலர் அவரினும் நெடுங்காலம் வசித்தார்கள். ஆனால் அந்த வேப்பமரம் எப்படி இருந்தது என்பதற்கு அவரது ஏட்டைத் தவிர வேறு சாட்சி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழரிடம் நாம் அடிக்கடி காணும் ஒரு மனநிலை உண்டு. 'எப்படியும் ஓய்வுபெற்றபின் ஊருக்குப் போய்விடுவோம்' என்ற எண்ணத்தோடு, முப்பது ஆண்டுகளை ரயில்நிலையத்தில் காத்திருப்பவர்போல் கழித்துவிடுவது அது. அவ்வெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. அதில் பிறந்த ஊரின்மேல் உள்ள பற்று இருக்கிறது. ஆனால் அதனால் நேரும் இழப்பு ஒன்று உண்டு. ஊர் திரும்பியவர்களிடம் தில்லியைப் பற்றிக் கேட்டால், குளிரையும் வாடகையையும் தவிரக் கூறுவதற்கு அவர்களிடம் அதிகம் இருப்பதில்லை. வாழ்நாளின் நடுப்பகுதி முழுதும் கண்ணில் படாமலே போய்விட்டது. போன ஊரும் முன்போல் இல்லை. இருந்த ஊரும் நினைவில் இல்லை என்றால், அந்த முப்பது ஆண்டுகளை எங்கே வைத்துப் பார்ப்பது?

வரைந்த இடம் மறப்பதில்லை. ஒரு கதவைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்து வரைந்தவனுக்கு, அக்கதவின் ஆணிகூட நினைவிருக்கும். புகைப்படம் எடுப்பது எளிது. கைப்பேசியில் ஆயிரம் படம் எடுத்து ஒன்றையும் மறுபடி பாராதவர்கள் நாம். சித்திரத்தில் அவ்வளவு விவரம் இராது; ஆனால் நாம் அங்கே இருந்தோம் என்பது இருக்கும். கோட்டின் நடுக்கத்தில் அன்றைய குளிர் இருக்கும்.

ஆதலின், இப்பேச்சைக் கேட்ட அன்பர்கள் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கும்படி வேண்டுகிறோம். முதற்பக்கத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அதில் வேண்டுமென்றே ஒரு சொட்டு மையைச் சிந்திவிடுங்கள். இனிக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. எந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதுங்கள்; கூடவே தமிழில் ஒரு வரி. மூன்று மாதம் வரை எவரிடமும் காட்டவேண்டாம். மூன்று மாதம் கழித்து முதல் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கை முன்னேறியிருப்பதை அப்போது காண்பீர்கள். நீங்கள் வாழும் தெருவையும் காண்பீர்கள்.